கருத்தெரிவும் உயிரறிவும்

முன்னொருகாலத்து நம்பாற் சித்தாந்த சாத்திரம் பாடங்கேட்ட அன்பரொருவர், அண்மையில் ஓர் ஐயத்தை எழுதி விடுத்தனர். அவர்தம் மகனார் அமெரிக்க நாட்டில் வாழ்பவர்; மகப்பேறின்மையால் மருத்துவர்வழிக் கருக்கூட்ட முற்பட்டவர். கருக்கள் பலவற்றுள் அறிவு மிக்கதனைத் தெரிந்து தருவோமென ஆண்டுச் சிலர் கூறினராக, அது சைவர்க்கு ஆகுமோ என்பதே வினா. ஏனையோர்க்கும் பயன்படுமாகலின், விடையை ஈண்டு எழுதப் புகுந்தனம்.

முதற்கண் அச்செயல் யாதெனக் காண்போம். தாயின் கருமுட்டைகள் பலவற்றை ஆய்கலத்திலே தந்தையின் விந்தோடு கூட்டி, ஐந்தாறு நாள் வளர்ந்த கருக்களினின்றுஞ் சிற்சில உயிரணுக்களை எடுத்து, அவற்றின் மரபணுக்களை ஆராய்வர். அறிவொடு தொடர்புடையனவாகக் கண்ட எண்ணிறந்த மரபணு வேறுபாடுகளின் சிறு சிறு பயன்களைக் கூட்டி ஒவ்வொரு கருவிற்கும் ஓர் எண் கொடுத்து, மிக்க எண் பெற்றதனைத் தெரிவர். 100 கருக்களை ஆராய 50,000 டாலர் வரை பெறும் நிறுவனமொன்றன் செய்தியை 2024-ஆம் ஆண்டில் இலண்டன் கார்டியன் பத்திரிகை வெளியிட்டது. ஆயினும், பத்துக் கருக்களுள் முதல்வதனைத் தெரியினும் நுண்ணறிவு ஈவு சராசரியாக 2.5 அளவே மிகுமென 2019-ஆம் ஆண்டு ஆராய்ச்சியொன்று மதிப்பிட்டது. இவ்வெண்களும் பெரும்பாலும் ஐரோப்பிய மரபினரை ஆராய்ந்து பெற்றனவாகலின் நம்மனோர்க்கு மேலுங் குறைவாகவே பொருந்தும். நம் நாட்டிலோ, 2021-ஆம் ஆண்டுச் சட்டம் கருவாய்வினை மரபுநோய் காண்டற்கு மட்டுமே உடன்படுகின்றது.

இனி அறிவென்பது யாது? உயிர் அறிவுடைப் பொருள். ஆயினும் அறிவித்தாலன்றி அறியமாட்டாதது. அதன் அறிவை அநாதியே மறைத்து நிற்பது ஆணவம். கலையும் வித்தையும் முதலாய தத்துவங்களும், மனம் முதலிய அந்தக்கரணங்களும், பூதவுடம்பும், உயிர்க்குச் சிறிதே விளக்கந் தருமாறு இறைவன் மாயையினின்றுங் கூட்டிய கருவிகளாம். மரபணு பூதவுடம்பின் பாற்பட்டது. ஆகவே அவர் அளப்பது கருவியின் ஒரு கூற்றையே, உயிரையன்று. விளக்கின் சுடர் பெரிதாயவளவிற் கண்ணின் இயல்பு வேறாகாது. கூர்த்த கருவி பெற்றோர் அதனாலேயே செருக்கி மலம் மிகுதலும், மழுங்கிய கருவி பெற்றோர் அன்பினால் அருட்குரியராதலும் உலகத்துக் காண்டும்.

இதற்கு நந் தண்பொருநைக் கரையே சான்று. ஆற்றின் மேல்பாலுள்ள விக்கிரமசிங்கபுரத்துத் தோன்றிய சிவஞான முனிவர், பள்ளிச் சிறுவராயிருந்தபொழுதே திருவாவடுதுறை அடியார்களை இல்லத்திற்கு அழைத்து அமுதூட்டுவித்தனரென்பது வரலாறு. அவரே பின்னர்ச் சிவஞானபோத மாபாடியம் இயற்றினர். அவ்வாற்றின் கீழ்பாலுள்ள ஸ்ரீவைகுண்டத்துத் தோன்றிய குமரகுருபர அடிகளோ ஐந்தாண்டு நிரம்புமளவும் வாய்பேசாதிருந்தனர். பெற்றோராகிய சண்முகசிகாமணிக் கவிராயரும் சிவகாமசுந்தரியாரும் அம்மகவைக் குறையுடையதென்று ஒதுக்கிற்றிலர். திருச்செந்தூர்ச் சந்நிதிக்கு எடுத்துச் சென்று கிடந்தனர். அருள்வழிப் பேச்சுப் பெற்ற அக்குழவியே கந்தர் கலிவெண்பா பாடியவர். பேசாத குழவி யாவும் புலவராகுமென்பது நங்கருத்தன்று. பேச்சு வாராதொழியினும் அக்கவிராயர் பெற்றோராகவே இருந்திருப்பர் என்பதே ஈண்டுக் கொள்ளற்பாலது.

அற்றேல், “எவ்வுடம்பும் வினைவழி வருவதே, தெரிந்து கொடுப்பினும் அவ்வுயிர் தனக்குரியதே பெறும், தெரிந்தவர்க்குக் குற்றம் என்னை?” எனின், அது பொருந்தாது. புடைக்கப்பட்டவன் தன் வினையே நுகர்ந்தானாயினும், புடைத்தவனுக்கு ஆகாமியம் ஏறாதொழியாது. உயிர் தந்தைவழித் தாய்வயிற்றுப் புகுமென்பது நங்கொள்கையாகலின், ஆய்கலத்துக் கருவில் அஃதில்லையெனத் துணிந்து எஞ்சியவற்றைக் கழித்தற்கும் நமக்கு ஏதுவில்லை.

“நோய்க்கருவை விலக்கலும் இதனோடொக்குமன்றோ?” எனின், அதுவும் எளிதிற் செய்தற்குரியதன்று, எனினும் ஆண்டு நோக்கப்படுவது மகவு படுந் துன்பம். ஈண்டு நோக்கப்படுவது பிறரினும் மேம்படுதல். மக்கள் கற்றவராதல் வேண்டுமென்னும் விருப்பங் குற்றமன்று. அது பிறந்த மகவிற்குக் கல்வி கொடுத்தலால் நிறைவேறுக. எண் குறைந்ததேல் வேண்டாவென்பது மகவின்மேற் சென்ற அன்பன்று. “எனது” என்னுஞ் செருக்கேயாம். உயர்ந்த எண்ணோடு பிறந்த குழவி கல்வியிற் பின்னிடின், அப்பெற்றோர் அதனை எம்முகத்தாற் காண்பர்?

ஆதலின் அன்பர்க்கு யாம் கூறுவது இது: மருத்துவர் துணையால் மகப்பேறு வேண்டுதல் தவறன்று. பெருநோய் அஞ்சப்படுமேல் மருத்துவரை வினவுக. அறிவெண் பார்த்துத் தெரிதலை ஒழிக. வருங் குழவி எத்தகையதாயினும், அதுவும் அருளுக்குரிய ஓர் உயிரென்றே கையேற்றுக்கொள்க.