முதலில் பிரேக்கைப் பார்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தாத்தாவின் டாடா 207-ஐ மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவரப் போவதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனால் பேட்டரி வாங்கியாயிற்று, ஞாயிற்றுக்கிழமை செல்ஃப் அடித்துப் பார்க்கப் போகிறேன் என்று கடைசியில் எழுதியிருக்கிறாயே, அதற்காகத்தான் உடனே எழுதுகிறேன். பொறு. வருஷக்கணக்காகக் கொட்டகையில் நின்ற வண்டி அது. டீசல் என்ஜின் எப்படியும் கிளம்பிவிடும். கிளம்பினால் நிறுத்த வழியிருக்கிறதா?

பிரேக்கிலிருந்து ஆரம்பி. பின் டிரம் இரண்டையும் கழற்றி, வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை நகத்தால் லேசாகத் தூக்கிப் பார். உள்ளே ஈரம் தெரிந்தால் அது பிரேக் ஆயில் கசிவு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நின்ற வண்டியில் அந்த ஈரம் சிலிண்டரின் உள்சுவரைத் துருப்பிடிக்க வைத்துக் குழி விழச்செய்யும். குழி விழுந்த சிலிண்டருக்கு வெறும் கிட் மட்டும் மாற்றுவது தண்டச்செலவு, முழுசாகப் புதிது போடு. கழுவும்போது நம் ஆட்கள் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ எடுப்பார்கள், விடாதே. அது பட்டால் ரப்பர் ஊதிவிடும். புது பிரேக் ஆயிலாலேயே கழுவு. மாஸ்டர் சிலிண்டரையும் பார்த்துவிட்டு, அதற்கு அதிக தூரத்தில் இருக்கும் சக்கரத்திலிருந்து ஏர் எடுத்து வா.

பிறகு என்ஜின். பழைய டீசலை டேங்கோடு இறக்கி ஊற்றிவிடு; அடியில் தண்ணீரும் பாசி மாதிரி வழவழப்பும் கட்டாயம் இருக்கும். ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்து எலிக்கூடு இருக்கிறதா பார். வயரிங்கையும் எலி விட்டுவைத்திருக்காது. என்ஜின் ஆயில், ஃபில்டர் எல்லாம் புதிது. நாசில்களைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊறட்டும். காலையில் கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் மாட்டிக் கையால் சுற்று. இரண்டு முழுச் சுற்று தடங்கலில்லாமல் வரவேண்டும். வராவிட்டால் இன்னும் ஊறவிடு. நீளக் குழாய் செருகி பலவந்தம் பண்ணாதே. அப்புறம் நாசில் இல்லாமலே, மேலே ஒரு துணியைப் போட்டு, செல்ஃபை விட்டுவிட்டு அடி. ஆயில் பிரஷர் விளக்கு அணைந்த பிறகுதான் நாசிலை மாட்ட வேண்டும். அடியில் போடும் செம்பு வாஷர் புதிதாக இருக்கட்டும், பழசு பிடிக்காது.

டீசல் லைனில் ஏர் எடுக்கும்போது நாசில் பைப் நட்டைத் தளர்த்திச் செல்ஃப் அடிப்பார்கள். அங்கே விரலை வைத்துப் பார்க்காதே. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே கை அழுகும்.

ஸ்டார்ட் ஆனதும் சாவியை அணைத்தும் நிற்காமல் ரேஸ் ஏறிக்கொண்டே போனால் பயப்படாதே. டாப் கியர் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு கிளட்சை விடு, அடங்கிவிடும். பிரேக்கை முதலில் பார்க்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

டயரில் பட்டன் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும்: 1417 என்றால் 2017-ஆம் வருஷம் 14-ஆவது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் அந்த வயது டயரில் லோடு ஏற்றாதே.

பெயின்ட்காரரிடம் இப்போதே முன்பணம் கொடுக்கத் துடிக்காதே. முதலில் ஆர்.சி.யை எடுத்துக்கொண்டு போய் சேசிஸ் எண்ணை ஒத்துப்பார்; வரிபாக்கி எவ்வளவு என்று விசாரி. எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷாவருஷம் எஃப்.சி. காட்ட வேண்டும், பதினைந்து தாண்டினால் 2022 ஏப்ரலிலிருந்து கட்டணமும் பல மடங்கு. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தபிறகும் ஆசை இருந்தால் செலவு பண்ணு. சாமான்களில் பாடி ஐட்டம், கதவு, பம்பர் மாதிரி சங்கதிகளைப் புதுப்பேட்டையில் பழசாக வாங்கலாம். பிரேக் சாமான் மட்டும் பழசு வேண்டாம்.

டீசல் பம்ப்பை நீ பிரிக்கவே கூடாது. புகை அதிகமாக வந்தால் கழற்றி, டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் கடையில் கொடு. கழற்றும் முன் டைமிங் அடையாளத்தை ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா