சென்சார் கருவியும் நோன்பாளியும்

சர்க்கரை வியாதிக்காரர் ஒருவரேனும் இல்லாத குடும்பத்தை இன்று தேடித்தான் பார்க்க வேண்டும். விரலைக் குத்தி இரத்தம் பார்ப்பதற்குப் பதிலாக, மேற்கையின் பின்புறத்தில் சிறு வில்லை போன்ற கருவியை ஒட்டிக்கொண்டு கைப்பேசியில் சர்க்கரை அளவைப் பார்க்கும் வழக்கம் இப்போது பரவி வருகிறது. இதனைச் 'சென்சார்' என்கிறார்கள். வகையைப் பொறுத்து 10 முதல் 15 நாட்கள் வரை இது வேலை செய்யும். ரமளானில் இது நல்ல துணை. ஆயினும் இதன் குறைகளை அறியாதவர், விட வேண்டாத நோன்பை விடவும் கூடும். விட வேண்டிய நோன்பைப் பிடித்துக்கொண்டு உயிருக்கு ஆபத்தைத் தேடவும் கூடும். ஆகவே இதனை நாம் விளங்கிக்கொள்வது அவசியம்.

கருவி எதை அளக்கிறது?

மயிரிழை போன்ற ஒரு நுண்ணிய இழை தோலுக்கடியில் நிற்கிறது. அது இரத்தத்தை அளப்பதில்லை. சதைக்குள் ஊறி நிற்கும் நீரில் உள்ள சர்க்கரையை அளக்கிறது. இரத்தத்தில் நேரும் மாற்றம் அந்நீரில் தெரியச் சில நிமிடங்கள் ஆகும். அஸருக்குப் பின் சர்க்கரை வேகமாக இறங்கும்போது கருவி 80 என்று காட்டினாலும், இரத்தத்தில் அது 70-க்கும் கீழே போயிருக்கலாம். எனவே எண்ணை மட்டும் பாராமல், அருகில் உள்ள அம்புக்குறி கீழ்நோக்கி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கல்: லுஹருக்குப் பின் கருவியுள்ள கை அடியில் அழுந்தும்படி படுத்துறங்கினால், இல்லாத தாழ்வை அது காட்டும். எழுந்து உட்கார்ந்து சற்று நேரம் சென்றால் எண் தானே சரியாகும். புதிதாக ஒட்டிய முதல் நாளிலும் அளவு முன்பின்னாக இருக்கலாம். சில வகைக் கருவிகளில், நாளொன்றுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உண்பவருக்கு உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். இதனால் உண்மையான தாழ்வு மறைந்துபோகும். சிலருக்கு ஒட்டும் பசையால் அரிப்பும் கொப்புளமும் வரும். அவர்கள் மருத்துவரிடம் காட்டி வேறு வகைக்கு மாற வேண்டும்.

சந்தேகம் வந்தால் விரலைக் குத்திப் பார்ப்பதே வழி. ஒரு துளி இரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது. ஆனால் நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, தடுமாற்றம் இருந்தால் கருவி என்ன சொன்னாலும் சோதனைக்காகக் காத்திருக்கக் கூடாது.

மார்க்கச் சட்டம்

கருவியைக் குத்துவதால் நோன்பு முறியுமா? முறியாது. இழை சதையோடு நிற்கிறது, வயிற்றுக்குச் செல்வதில்லை, அது உணவோ மருந்தோ அன்று.

ஒளு கூடுமா? ஒளுவில் முழங்கை வரை கழுவுவதே ஃபர்ளு. கருவி அதற்கு மேலே இருப்பதால் ஒளுவுக்கு இடையூறில்லை.

கடமையான குளிப்பில் உடல் முழுதும் நீர் பட வேண்டுமே என்று கேட்கலாம். கழற்றிய கருவியைத் திரும்ப ஒட்ட இயலாது. எனவே காயத்தின் மீதுள்ள கட்டின் சட்டத்தோடு இதனை ஒப்பிடலாம். ஹனஃபீ மத்ஹபில் சுற்றிலும் கழுவி, கட்டின் மீது ஈரக்கையால் தடவினால் போதும். ஷாஃபிஈ மத்ஹபில் அத்துடன் தயம்மும் செய்ய வேண்டும். குளிப்புக் கடமையில்லாத வேளையில், ஒளுவோடு ஒட்டிக்கொள்வது பேணுதலாகும். விவரங்களை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொழுகையில் கருவி ஒலித்தால்? பள்ளிக்குச் செல்லுமுன் அளவைப் பார்த்துக்கொள்வதும், ஒலியை அதிர்வாக மாற்றி வைப்பதும் நல்லது. தாழ்வு உண்மை என்று தெரிந்தால் தொழுகையை விட்டுவிட்டு உயிரைக் காக்க வேண்டும்; தொழுகையைப் பின்னர் நிறைவேற்றலாம்.

எப்போது நோன்பை விட வேண்டும்?

சர்வதேச நீரிழிவு சம்மேளனம் 2021-இல் வெளியிட்ட ரமளான் வழிகாட்டி, சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேலே ஏறினாலோ நோன்பை விட்டுவிடச் சொல்கிறது. மஃரிபுக்கு இன்னும் பத்து நிமிடம்தானே என்று பொறுப்பவர் பலர். பிறர் முன் நோன்பை விட வெட்கப்பட்டுக் கைப்பேசியின் ஒலியை அணைத்து வைப்போரும் உண்டு. அந்தப் பத்து நிமிடத்தில் மயங்கி விழவும் கூடும்.

நோயாளி வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளலாம் என்று அல்லாஹ்வே திருமறையில் (2:185) சலுகை தந்திருக்கிறான். அவன் தந்த சலுகையை ஏற்பதில் வெட்கம் எதற்கு? களாச் செய்ய இயலாதபடி நீடித்த நோயுடையவருக்கு ஃபித்யா இருக்கிறது.

வீட்டிலுள்ளோருக்கும் ஒரு கடமை உண்டு. நோன்பை விட்டவரைக் குறை பேசாதீர்கள். பேரீச்சம்பழமும் சர்க்கரைத் தண்ணீரும் அவர் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். ரமளானுக்கு ஓரிரு மாதம் முன்னரே மருத்துவரைக் கண்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளச் செய்யுங்கள். கருவி எச்சரிக்க மட்டுமே செய்யும். எச்சரிக்கையைக் கேட்டு நடப்பது நம் பொறுப்பு. அல்லாஹ்வே மிக அறிந்தவன்.