முதலில் ஓஎஸ், பிறகு போன்

கட்சிக்காரரின் ஆவணம், செய்தி தந்தவரின் எண், வாடிக்கையாளரின் வரிக்கணக்கு: வக்கீலோ நிருபரோ ஆடிட்டரோ, தொழில் ரகசியம் எல்லாம் இன்று போனில்தான். விவரங்களை வெளியே அனுப்பாத, பழுதானால் சரிசெய்யக்கூடிய போன் வேண்டும் என்றால், மாடலைப் பார்க்குமுன் ஓஎஸ்ஸை (இயங்குதளத்தை) முடிவு செய்யுங்கள். வழக்கமான ஆண்ட்ராய்டுக்கு மாற்றான ஓஎஸ் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட மாடல்களில்தான் ஓடும்.

1. எந்த ஓஎஸ்?

பாதுகாப்பே முக்கியம் என்றால் கிராபீன்ஓஎஸ். இது கூகுளின் பிக்சல் போன்களுக்காக உருவானது. கூகுள் சேவைகள் இல்லாமலே வரும். தேவைப்பட்டால் ப்ளே ஸ்டோரைச் சாதாரண ஆப் போலப் போட்டுக்கொள்ளலாம், அதற்குத் தனிச் சலுகை கிடைக்காது.

நிறுவும் வேலையே வேண்டாம் என்பவர்களுக்கு இ-ஓஎஸ். மாண்ட்ரேக் லினக்ஸை உருவாக்கிய கேல் துவால் தொடங்கியது. முரெனா நிறுவனம் ‘ஃபேர்போன்’ என்ற பிராண்டு போன்களில் இதை ஏற்றியே விற்கிறது.

லீனியேஜ்ஓஎஸ் பழைய போன்களுக்கு மறுவாழ்வு தரும். ஆனால் பெரும்பாலான மாடல்களில் பூட்லோடரை (போனை ஆன் செய்ததும் ஓஎஸ்ஸை ஏற்றும் நிரலை) பூட்டாமல் திறந்தே வைக்க வேண்டியிருக்கும். போன் பிறர் கையில் சிக்கினால் ஆபத்து. தொழில் போனுக்கு ஏற்றதல்ல.

2. பழுது பார்க்க முடியுமா?

இதில் ஃபேர்போனை மிஞ்ச ஆளில்லை. 2023இல் வந்த ஃபேர்போன் 5இல் பேட்டரியைக் கையாலேயே கழற்றலாம். டிஸ்ப்ளே, கேமரா, சார்ஜிங் போர்ட் மாற்ற ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். அப்டேட் 2031 வரை. ஆனால் இந்தியாவில் அதிகாரபூர்வ விற்பனை இல்லை. இறக்குமதி செய்தால் உதிரிபாகத்துக்கும் வெளிநாட்டையே நம்ப வேண்டும்.

பிக்சலைத் திறப்பது அவ்வளவு எளிதல்ல; பேட்டரி பசையால் ஒட்டப்பட்டிருக்கும். பிக்சல் 8 முதல் 7 ஆண்டு அப்டேட் உண்டு என்பது அதன் பலம். பேட்டரி, டிஸ்ப்ளே மாற்ற எவ்வளவு ஆகும் என்று சர்வீஸ் சென்டரில் கேட்டு, அதையும் போன் விலையோடு கூட்டிக் கணக்குப் போடுங்கள்.

3. பணம் கட்டுமுன்

சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ பழைய பிக்சல் வாங்கினால், டெவலப்பர் ஆப்ஷன்ஸில் பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கும் ‘ஓஇஎம் அன்லாக்கிங்’ இயங்குகிறதா என்று பாருங்கள். சில அமெரிக்க நெட்வொர்க் நிறுவனங்கள் விற்ற பிக்சல்களில் பூட்லோடரைத் திறக்கவே முடியாது.

வங்கி, யுபிஐ ஆப்கள் சில, கூகுள் சான்று பெறாத ஓஎஸ்ஸில் ஓட மறுக்கும். நீங்கள் பயன்படுத்தும் ஆப்களைப் பட்டியலிட்டு, அதே ஓஎஸ் வைத்திருப்பவரிடம் ஒவ்வொன்றாக விசாரியுங்கள். அலுவலக மெயிலை போனில் திறப்பவர்கள் ஐடி பிரிவிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். மாற்று ஓஎஸ்ஸைத் தடுக்கும் விதி இருக்கலாம்.

4. மாறும்போது

மாற்று ஓஎஸ்ஸை நிறுவ பூட்லோடரைத் திறந்ததும் போனில் உள்ளது எல்லாம் அழிந்துவிடும். முதலில் பேக்கப் எடுங்கள். கிராபீன்ஓஎஸ்ஸை நிறுவியபின் பூட்லோடரை மறக்காமல் பூட்டுங்கள். அலுவலக ஆப்களை ‘வொர்க் ப்ரொஃபைல்’ வசதியில் தனியே வையுங்கள். எல்லாம் ஒழுங்காக ஓடும் வரை பழைய போனை விற்காதீர்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு பிக்சல் 8 அல்லது அதற்குப் பிந்தைய மாடலில் கிராபீன்ஓஎஸ்; ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு இ-ஓஎஸ் ஏற்றிய ஃபேர்போன். எதை வாங்கினாலும், அப்டேட் நின்றுபோன போனில் பிறர் நம்பித் தந்த ரகசியத்தை வைக்காதீர்கள்.