வளைவில் வைக்கும் போர்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. தேயிலைத்தூள், தைலம், வீட்டு சாக்லேட் விற்கக் கூடலூரில் கடை பிடித்துவிட்டாய் என்று அம்மா சொன்னாள். சந்தோஷம். ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டிக்காரர்கள் கண்ணில் படும்படி வளைவில் பெரிய போர்டு ஒன்று வைக்க வேண்டும், அதற்கு யாரைப் பார்ப்பது என்று கேட்டிருந்தாய். நம் பக்கத்தில் எல்லோரும் யாரைப் பார்ப்பது என்றுதான் கேட்கிறார்கள், விதி என்ன என்று கேட்பவர் குறைவு. இரண்டையும் எழுதுகிறேன்.

கடையின் நெற்றியில் மாட்டுவது பெயர்ப்பலகை. அதற்குத் தொழிலாளர் துறையின் விதி ஒன்று உண்டு. கடைகள், நிறுவனங்கள் விதிகள் 1948, 15ஆம் விதி. தமிழ் முதலில், பெரிதாக வர வேண்டும், அடுத்து ஆங்கிலம், கடைசியில் வேறு மொழி. இடப் பங்கீடு 5:3:2. நிலம்பூரிலிருந்தும் குண்டலுப்பேட்டையிலிருந்தும் ஆள் வரும் ஊரில் மலையாளமும் கன்னடமும் அந்த இரண்டு பங்குக்குள்தான் இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். போர்டு எழுதுபவரிடம் முன்பே சொல்லிவிடு.

நீ கேட்ட வளைவுப் போர்டின் கதை வேறு. அது விளம்பரப் பலகை, உரிமம் இல்லாமல் நிற்கக் கூடாது. 2003ஆம் ஆண்டு விதிகள் உரிமம் கொடுக்கும் அதிகாரத்தைக் கலெக்டரிடம் வைத்திருந்தன. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி விதிகள் அதை உள்ளாட்சியின் ஆணையர் கைக்கு மாற்றின. ஆகவே நீ ஏற வேண்டிய படி நகராட்சி அலுவலகத்துப் படி. ஆனால் ஊட்டியிலிருந்து கூடலூர் வழியாக மைசூர் பக்கம் போவது தேசிய நெடுஞ்சாலை 181. அதன் எல்லைக்குள் ஓர் அடி நிலத்தைத் தொட்டாலும் நெடுஞ்சாலைத் துறையின் சம்மதம் இல்லாமல் நகராட்சிச் சீட்டு செல்லாது. தொரப்பள்ளி தாண்டினால் முதுமலைப் புலிகள் காப்பகம். அங்கே கேட்கவே வேண்டாம்.

வளைவு என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. வியாபாரிக்கு எந்த இடம் பிடிக்கிறதோ அதே இடத்தைத்தான் விதி விலக்குகிறது. சாலைச் சந்திப்பிலிருந்து இருபுறமும் 100 மீட்டருக்குள் கூடாது என்றன 2003 விதிகள். பள்ளி, வழிபாட்டுத் தலம், உள்நோயாளிகள் தங்கும் மருத்துவமனை ஆகியவற்றின் முன்னாலும் கூடாது என்றன. சாலைப் பொறியாளர்களின் இந்திய சாலைக் குழுமம் 1972லேயே இதற்கென ஒரு கொள்கை எழுதிவைத்தது. வண்டி ஓடும் பரப்பின் விளிம்பிலிருந்து 10 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நம் மலைச்சாலையில் ஒரு பக்கம் மண்திட்டு, மறுபக்கம் பள்ளம். 10 மீட்டர் தள்ளினால் போர்டு அந்தரத்தில்தான் நிற்கும்! அதாவது பெரும்பாலான வளைவுகளில் வைக்கவே முடியாது. முடியாமல் இருப்பது நல்லது. இறக்கத்தில் வருகிற டிரைவர் எதிரே ஏறும் பஸ்ஸையும், சாயங்காலத்தில் சாலையைக் கடக்கும் யானையையும் பார்க்க வேண்டும். உன் சாக்லேட்டை அவர் கடைக்கு வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

தனியார் நிலத்தில் வைக்கலாமே என்பாய். நிலத்துக்காரரின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். மற்ற ஊரில் இது அரை நாள் வேலை. கூடலூரில் அந்த நிலத்துக்காரர் யார் என்பதே ஐம்பது வருட வழக்கு. இந்தப் பகுதி நிலம் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்ம நிலமாக, அதாவது பரம்பரை உரிமை நிலமாக, இருந்தது. 1969இல் ஜன்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது. எஸ்டேட்டுகளின் குத்தகை நிலங்களைப் பற்றிய அதன் 17ஆம் பிரிவில் சிக்கிய நிலங்களில் குடியிருக்கும் எத்தனையோ பேருக்கு இன்னும் பட்டா இல்லை. அந்தச் சட்டத்தை ஒட்டிய வழக்கு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வுவரை போய், 2007இல் அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணை குறித்த பெரிய தீர்ப்பாக முடிந்தது. சட்டக் கல்லூரிகளில் அதைப் பாடமாகப் படிக்கிறார்கள். நம் ஆட்கள் "செக்‌ஷன் பதினேழா, பட்டா நிலமா?" என்று இன்றும் கேட்டுக்கொண்டுதான் நிலம் பார்க்கிறார்கள். நீயும் கேள். பட்டாவைக் கண்ணால் பார்க்காமல் யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதே.

அடுத்தது பொறியாளரின் உறுதிச் சான்று. இதைக் காசு கொடுத்து வாங்கும் காகிதமாக நினைப்பவர்கள் உண்டு. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார். காற்றின் வேகம் இரட்டித்தால் பலகைமேல் அழுத்தம் நான்கு மடங்காகும். 20 அடிக்கு 12 அடிப் பலகையை மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று ஏறக்குறைய 380 கிலோ பாரத்தோடு தள்ளும். 120 என்றால் ஒன்றரை டன். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் வந்து மோதுவது நம் ஊர்மேல்தான். மழையில் ஊறிய மண்ணில் கம்பியின் பிடியும் தளர்ந்திருக்கும். ஃபிளெக்ஸில் அங்கங்கே பிளேடால் கீறிக் காற்றுக்கு வழி விட்டால் போதும் என்று பொருத்த வருகிறவர்கள் சொல்வார்கள். கீறல் துணியைக் கொஞ்சம் காப்பாற்றலாம், அஸ்திவாரத்தை அது என்ன செய்யும்?

மும்பை காட்கோபரில் 2024 மே 13 அன்று புழுதிக் காற்றில் ஒரு பலகை பெட்ரோல் பங்க் மேல் சாய்ந்து 17 பேர் இறந்தார்கள். அது 120 அடிக்கு 120 அடி. அந்த நகராட்சி அனுமதிக்கும் உச்ச அளவு 40க்கு 40. நீளமும் அகலமும் மும்மடங்கு, காற்று பிடிக்கும் பரப்போ ஒன்பது மடங்கு. பலகை நின்றது ரயில்வே போலீஸ் வசமிருந்த நிலத்தில் என்பதால், அனுமதி யார் தர வேண்டும் என்ற தகராறு விழுவதற்கு முன்பும் இருந்தது, விழுந்த பிறகும் இருந்தது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். கோவை கருமத்தம்பட்டி அருகே 2023 ஜூன் 1 அன்று பலகை பொருத்திக்கொண்டிருந்த தொழிலாளர் மூவர் சூறைக்காற்றில் அது சரிந்து இறந்தார்கள். விளம்பரம் கொடுத்தவர், இடம் கொடுத்தவர், ஒப்பந்தக்காரர் எல்லோரும் கீழே இருக்க, மேலே ஏறியவர்கள் கூலிக்கு வந்தவர்கள்.

உரிமம் என்பதை நான் வரியாகப் பார்க்கவில்லை. விழுந்தால் யார் பதில் சொல்வது என்பதை விழுவதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. 2011ஆம் ஆண்டு டிஜிட்டல் பேனர் விதிகள் அனுமதி எண்ணையும், எத்தனை நாளைக்கு என்பதையும், அச்சிட்டவர் பெயரையும் பேனரிலேயே போடச் சொன்னது இதற்காகத்தான். கல்யாண பேனர், கட்சி பேனர் எதிலாவது அந்த வரியைத் தேடிப் பார். சென்னை பள்ளிக்கரணையில் 2019 செப்டம்பர் 12 அன்று ஸ்கூட்டரில் போன 23 வயது மென்பொறியாளர் சுபஸ்ரீமேல் விழுந்தது கட்சிக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாண பேனர். பின்னால் வந்த தண்ணீர் லாரி அவர்மேல் ஏறியது. கட்சிகள் பேனர் வைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டு ஒன்பது மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கடைக்காரர் போர்டுக்கு ஓடி வரும் அதிகாரி கட்சி பேனருக்குக் கண்ணை மூடிக்கொள்வதும் நடக்கிறது. உன் கோபம் நியாயம்தான். அதற்காக நீயும் சீட்டு இல்லாமல் வைத்துவிடாதே.

மரத்தில் ஆணி அடிக்கும் யோசனையையும் பாறையில் பெயின்ட் அடிக்கும் யோசனையையும் யாராவது கொண்டுவருவார்கள். மணாலியிலிருந்து ரோத்தாங் போகும் வழிப் பாறைகளில் பெரிய குளிர்பானக் கம்பெனிகளே விளம்பரம் தீட்டி, 2002இல் உச்ச நீதிமன்றத்தில் மாட்டிக்கொண்டன. பெயின்டைச் சுரண்டினால் பாறைமேல் இருக்கும் பாசியும் சேர்ந்து போய்விடும்.

என் யோசனை இது: வளைவை விட்டுவிடு. கடை வாசலில் தகரத்தில் தமிழ் பெரிதாக எழுதிய பலகை போதும். மாலைநேர வண்டிகளுக்காக அதன்மேல் ஒரு விளக்கு, கண் கூசாத அளவில். வேறு இடத்திலும் வேண்டும் என்றால், நேரான சாலையில் பட்டா உள்ள இடமாகப் பார்த்து வரைபடத்தை எனக்கு அனுப்பு. விண்ணப்பத்தை நேரில் கொடுத்துப் பெற்றுக்கொண்ட சீட்டு வாங்கிக்கொள். உரிமம் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வை. ஒவ்வொரு மே மாதமும், மழைக்கு முன்னால், கம்பியையும் போல்ட்டையும் பார்க்க வெல்டரைக் கூப்பிடு. அவருக்குப் பாதுகாப்பு பெல்ட் இல்லாவிட்டால் மேலே ஏற விடாதே.

அன்புடன்,
மாமா