கண் திட்டம் எப்படி வரும்?

கேள்வி: என் மாமியார் அதிரசம் சுட்டால் பூப்போல வருகிறது. எவ்வளவு வெல்லம் என்று கேட்டால், “எல்லாம் கண் திட்டம்தாம்மா” என்கிறார். 1 கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் நிறுத்துப் போட்டும், எனக்கு எண்ணெயில் பிரிந்து போய்விட்டது. கேக் மட்டும் அளந்து செய்தால் ஒழுங்காக வருகிறது. கைப்பக்குவம் பிறவியிலேயே வர வேண்டுமா?

– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லவே இல்லை. உங்கள் நிறுவையிலும் தப்பில்லை. பாகு இன்னும் இளம் பதத்தில் இருக்கும்போதே மாவைக் கொட்டியிருப்பீர்கள். வெல்லம் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்காது. புதுசில் ஈரம் அதிகம், பழசில் குறைவு. அரிசி நிழலில் எவ்வளவு உலர்ந்தது என்பதும் அன்றைய வெயிலையும் காற்றையும் பொறுத்தது. இதைத் தராசு சொல்லாது.

100 கிராம் வெல்லத்தை மட்டும் கரைத்து வடிகட்டி அடுப்பில் வையுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர். கொதி வந்ததும் அரை நிமிடத்துக்கு ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். முதலில் கரைந்து ஓடும். பிறகு அடியில் போய்ப் படியும், ஆனால் விரலுக்குச் சிக்காது. இன்னும் சற்றுப் பொறுத்தால் கூட்டி உருட்ட வரும், எடுத்தால் தளதளவென்று வளையும். அதிரசத்துக்கு அதுதான் பதம். அப்போது பாத்திரத்தையும் ஒரு பார்வை பாருங்கள்: நுரை எப்படி இருக்கிறது, கரண்டியிலிருந்து பாகு எப்படி விழுகிறது. அடுப்பை அணைக்காமல் இன்னும் கொஞ்சம் விட்டால், உருண்டையைத் தட்டில் போட்டதும் ‘டங்’ என்று சத்தம் கேட்கும். அது கடலை உருண்டைக்கு. நாலைந்து தடவை இப்படிச் செய்தால் கிண்ணம் இல்லாமலே தெரிந்துவிடும். உங்கள் மாமியாருக்குத் தெரிவதும் இதுதான்.

உப்பின் கண் திட்டத்தையும் இப்படிப் பிடிக்கலாம். அவர் குழம்புக்கு உப்பு அள்ளும்போது குறுக்கே ஒரு தட்டை நீட்டி, அதை நிறுத்துப் பாருங்கள். அவர் கைக்கு எத்தனை கிராம் என்று தெரிந்துகொள்ளுங்கள். கல் உப்பா, தூள் உப்பா என்றும் எழுதுங்கள். ஒரே கரண்டியில் இரண்டும் ஒரே எடை நிற்காது.

கேக்கைக் கண் திட்டத்துக்கு விடாதீர்கள். குழம்பில் உப்பு குறைந்தால் கொதிக்கும்போதே சேர்க்கலாம். ஓவனுக்குள் போன கேக்கில் சோடாவைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. மைதாவைக் கப்பில் அழுத்தி அள்ளினால் 150 கிராம்கூட வரும், தூவி நிரப்பினால் 120தான். ஆகவே நிறுத்தே போடுங்கள். ஆனால் வெந்ததா என்பதை மட்டும் கடிகாரத்திடம் கேட்காதீர்கள். ஓரம் தட்டை விட்டு விலகியிருக்கிறதா, நடுவில் விரலால் அமுக்கினால் எழும்பி வருகிறதா என்று பாருங்கள்.

பிரிந்துபோன அதிரச மாவு மிச்சமிருந்தால் கொட்டிவிட வேண்டாம். ஈரம் காயாத பச்சரிசி மாவு கொஞ்சம் சேர்த்துப் பிசைந்து, ஒரு ராத்திரி மூடி வையுங்கள். காலையில் ஒன்றே ஒன்று தட்டிப் போட்டுப் பாருங்கள். பிரியாமல் எழும்பினால் மிச்சத்தையும் சுட்டுவிடலாம்.