யுரேனியம் செறிவூட்டலும் அதன் பயன்களும்

இயற்கை யுரேனியம் பிரதானமாக இரு சமதானிகளின் கலவையாகும். இரண்டினதும் அணு எண் 92. யுரேனியம்-235 இல் 143 நியூத்திரன்களும் யுரேனியம்-238 இல் 146 நியூத்திரன்களும் உள்ளன. வேகம் குறைந்த நியூத்திரன் மோதும்போது இலகுவில் பிளவுற்றுச் சக்தியை வெளிவிடுவது 235 ஆகும். ஆனால் 1000 யுரேனிய அணுக்களில் ஏறத்தாழ 7 மாத்திரமே 235; ஏனைய 993 உம் 238. கலவையில் 235 இன் நூற்றுவீதத்தை உயர்த்துதல் செறிவூட்டல் எனப்படும்.

செய்முறை
சமதானிகளின் இரசாயன இயல்புகள் ஒத்தவை. ஆகவே திணிவு வேறுபாட்டைக் கொண்டே அவை பிரிக்கப்படுகின்றன. யுரேனியம் எக்சாபுளோரைட்டு வாயு, மிக வேகமாகச் சுழலும் உருளையினுள் செலுத்தப்படும். பாரம் கூடிய 238 சுவர்ப்பக்கமும் பாரம் குறைந்த 235 மையப்பக்கமும் சற்றுக் கூடுதலாகச் சேரும். மையப்பகுதி வாயு அடுத்த உருளைக்கு அனுப்பப்படும். இது பலமுறை தொடரும்.

கவனிக்க: தேயிலைத் தொழிற்சாலைச் சல்லடை தூளை உண்டாக்குவதில்லை, இருப்பதையே தரம் பிரிக்கின்றது. அதுபோல, செறிவூட்டலில் 235 புதிதாக உண்டாவதில்லை.

உதாரணம்
தமிழ்நாட்டில் 1980களில் தொடங்கப்பட்ட கல்பாக்கம் அணுமின் நிலையம் இயற்கை யுரேனியத்துக்காக அமைக்கப்பட்டது. அங்கு நியூத்திரன்களின் வேகத்தைக் குறைப்பது பார நீராகும். கூடங்குளத்தில் சாதாரண நீர் பயன்படுகின்றது. அது நியூத்திரன்களில் ஒரு பகுதியை உறிஞ்சிவிடுவதால், ரஷ்யாவிலிருந்து பெறப்படும் செறிவூட்டிய யுரேனியம் தேவைப்படுகின்றது. 2013 இல் மின் வழங்கத் தொடங்கிய அதன் முதல் உலையின் கொள்ளளவு 1000 மெகாவாற்று ஆகும்.

பயன்கள்
1. மின் உற்பத்தி (பொதுவாக 3% - 5%)
2. மருத்துவச் சமதானிகளைத் தயாரிக்கும் ஆய்வு உலைகள்
3. நீர்மூழ்கிக் கப்பல்களை இயக்குதல்
4. அணுவாயுதம் (ஏறத்தாழ 90%)

3.5% எங்கே, 90% எங்கே என எண்ணிவிட வேண்டாம். மேற்கூறிய 1000 அணுக்களில் 800 238-அணுக்களை நீக்கினால் எஞ்சும் 200 இல் 7 அணுக்கள் 235, அதாவது 3.5%. மேலும் 192 ஐ நீக்கினால் எஞ்சும் 8 இல் 7; அதாவது 87.5%. எரிபொருள் நிலையை அடையும்போதே பெரும்பகுதி வேலை முடிந்துவிடுகின்றது. 1945 ஓகஸ்ற் 6 இல் ஹிரோஷிமாவை அழித்த குண்டும் செறிவூட்டிய யுரேனியத்தினால் ஆனது. எனவேதான் மின்சாரத்துக்கெனச் செறிவூட்டும் ஆலைகளையும் சர்வதேச அணுசக்தி முகவர் நிலையம் கண்காணிக்கின்றது.

பயிற்சி
1. இரசாயன முறையால் 235 ஐப் பிரிக்க முடியாதது ஏன்?
2. 2000 இயற்கை யுரேனிய அணுக்களிலிருந்து 5% எரிபொருளைப் பெற எத்தனை 238 அணுக்களை நீக்க வேண்டும்? (235 இழக்கப்படவில்லை எனக் கொள்க.)
விடை: 1720