மெஷின் சொல்லாததை டேப் சொல்லும்

அன்புள்ள தங்கைக்கு,

பத்து கிலோ குறைத்து, ஆறு மாதம் அதை அப்படியே வைத்திருந்த ஒரு அக்கா, கல்யாண வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் உன் கிளினிக் மெஷினில் ஒன்றரைக் கிலோ கூடியிருப்பதைப் பார்த்து அழுதுவிட்டார், அதற்குப் பிறகு வரவேயில்லை என்று எழுதியிருந்தாய். அவரிடம் வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று கேட்டிருந்தாய். அவரை அன்று மெஷினில் ஏற்றியிருக்கவே வேண்டாம் என்பது என் எண்ணம்.

ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது சுமார் 7,700 கிலோகலோரி. ஒன்றரைக் கிலோ ஏற வேண்டுமானால், அன்றாடத் தேவை போக பதினோராயிரத்துக்கும் மேல் சாப்பிட்டிருக்க வேண்டும். எந்தப் பந்தியிலும் அது நடக்காது. அவர் உடம்பில் ஏறியது தண்ணீர். அப்பளம், ஊறுகாய், வற்றல் குழம்பு என்று உள்ளே போன உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றிலும் இனிப்பிலும் இருந்த மாவுச்சத்து தசையிலும் ஈரலிலும் கிளைகோஜனாகச் சேரும்போது, ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் கூட்டிச் சேர்க்கும். குடலில் இன்னும் இறங்காத சாப்பாடு வேறு. இவை எல்லாம் நாலைந்து நாளில் தானாக வடிந்திருக்கும். அரிசியை நிறுத்திய முதல் வாரம் இரண்டு கிலோ இறங்கியது என்று சிலர் துள்ளுவார்களே, அதுவும் பெரும்பாலும் இதே தண்ணீர்தான்.

எடையைக் குறைக்கும் காலத்தில் மெஷின் ஓரளவு உதவும். மாதக்கணக்கில் ஒரே திசையில் இறங்கும்போது தினசரி ஏற்றஇறக்கம் அதில் மறைந்துபோகும். குறைத்ததைக் காப்பாற்றும் காலத்தில் நிலைமை வேறு. அங்கே நடக்கும் உண்மையான மாற்றம் மாதத்துக்குக் கால் கிலோ, அரைக் கிலோ. தண்ணீரின் ஆட்டமோ ஒரே நாளில் ஒன்று, ஒன்றரைக் கிலோ. இந்த இரைச்சலுக்குள் அந்த மெல்லிய மாற்றத்தைத் தேடச் சொல்லி ஒரு மனுஷியைத் தினமும் காலையில் மெஷினில் நிறுத்துகிறோம்.

நம் மக்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் 2004-ல் லான்செட் இதழில் தங்கள் இருவரையுமே உதாரணமாக வைத்து ஒரு குறிப்பு எழுதினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. எடை, உயரக் கணக்கில் இருவரும் ஒன்று. கை கால் ஒல்லியாக, வயிறு மட்டும் தொப்பையாக இருக்கும் நம் ஊர் உடம்பைத்தான் அந்தக் குறிப்பு பேசுகிறது. சர்க்கரை நோய்க்கு வழி போடுவது பெரும்பாலும் வயிற்றுக்குள் சேரும் அந்தக் கொழுப்பு. ஓய்வு பெற்ற ஒருவருக்குத் தசை கரைந்து தொப்பை வளர்ந்தால் எடை அப்படியே நிற்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இதுவே நடக்கும். "எடை கூடலை, நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள். அதனால்தான் டேப்பை எடு என்கிறேன்.

உடை இதைச் சொல்லிவிடும் என்று நம்பாதே. புடவையும் வேட்டியும் எத்தனை அங்குலம் ஏறினாலும் இடம் கொடுக்கும். நைட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆண்கள் "இருபது வருஷமா பேன்ட் சைஸ் 34 தான்" என்பார்கள். தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டினால் எந்தக் காலத்திலும் 34 தான். ஜாக்கெட் மட்டும் கொஞ்சம் உண்மை பேசும். டெய்லரிடம் அளவு ஜாக்கெட் கொடுத்துவிட்டு, "ரெண்டு பக்கமும் தையல் பிரிச்சு விடுங்க" என்று எப்போது சொன்னார் என்று கேட்டுப் பார். அரைஞாண் கயிறு கட்டும் ஆண்களிடம் கடைசியாக எப்போது அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினார் என்று கேள். ஆனால் இவை பேச்சைத் தொடங்கத்தான். கணக்கு எழுத டேப் வேண்டும்.

அளவெடுப்பது சுலபம் என்று நினைத்துத்தான் பலர் தப்பாக எடுக்கிறார்கள். பழைய துணி டேப் நாளடைவில் இழுபட்டு நீண்டுவிடும். இழுபடாத ஃபைபர் டேப் வாங்கு, வருஷத்துக்கு இரண்டு முறை ஸ்டீல் ஸ்கேலில் வைத்துச் சரிபார். தொப்புளை அடையாளமாக வைக்காதே. வயிறு தொங்கினால் தொப்புளும் கீழே இறங்கும். கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுக் கண்டுபிடி. இரண்டுக்கும் நடுவே டேப் போக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது இந்த இடத்தைத்தான். பெண்களிடம் ஒன்றைக் கவனி: பல வருஷம் உள்பாவாடை நாடா இறுக்கிய இடத்தில் தோலில் பள்ளம் விழுந்திருக்கும், டேப் தானாகவே அதில் போய் உட்காரும். அளவு குறைவாகக் காட்டும். நாடாவைத் தளர்த்தச் சொல், பள்ளத்தைத் தவிர்த்து எடு.

கால்களைச் சேர்த்து, கைகளைத் தொங்கவிட்டு நிற்கச் சொல். மூச்சை இழுத்துப் பிடிப்பார்கள், எல்லாருமே பிடிப்பார்கள். ஏதாவது பேச்சுக் கொடுத்து, இயல்பாக மூச்சு வெளியே போய் முடியும் இடத்தில் படி. டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. முதுகுப் பக்கம் சரியாமல் கிடைமட்டமாக இருக்கிறதா என்று சுற்றிப் பார். இரண்டு முறை எடு. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் இன்னொரு முறை எடு.

இதை அவர்களுக்கே கற்றுக் கொடுப்பது இன்னும் முக்கியம். எடையைக் காப்பது வருஷக்கணக்கான வேலை. அத்தனை வருஷமும் உன்னிடம் வர மாட்டார்கள். உன்னிடம் வரும் ஆண்கள் சிலருக்கு நீ அளவெடுப்பதும் கூச்சமாக இருக்கும். கண்ணாடி முன்னால் நின்று, காலையில் வெறும் வயிற்றில், கழிப்பறை போய்வந்த பிறகு, அவரே எடுத்து ஒரு நோட்டில் எழுதட்டும். மாதம் ஒரு முறை போதும். மாதவிடாய் வரும் பெண்கள் அது முடிந்த மூன்று நான்கு நாளில் எடுத்தால் வயிற்று உப்பசம் குழப்பாது. இடுப்போடு தொடை, மேல்கை இரண்டையும் எழுதச் சொல்.

வயதானவர்களிடம் கெண்டைக்காலையும் அளந்து வை. அங்கே கணக்கு தலைகீழ்: அளவு குறைந்தால்தான் கவலை. ஆசிய நாடுகளின் தசைக்குறைவு ஆய்வுக் குழு 2019-ல் ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 33 சென்டிமீட்டர் என்று வரம்பு சொன்னது. அதற்குக் கீழே போனால் தசை குறைந்திருக்கிறதா என்று மேலும் பார்க்க வேண்டும். இப்போது எடை குறைக்கும் ஊசி போட்டு வேகமாக இளைத்து வருபவர்களுக்கும் இதை எடு. மெஷின் காட்டும் இறக்கத்தில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தசை என்று அது பிரித்துச் சொல்லாது.

எந்த எண்ணைச் சொல்வது? இந்தியர்களுக்கு இடுப்பளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் என்பது நாம் படித்தது. நான் அதோடு உயரத்தையும் பார்ப்பேன். இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். பிரிட்டனின் நைஸ் அமைப்பும் 2022-லிருந்து இதைச் சொல்கிறது. 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு இது 75. நம் பெண்களில் அந்த உயரத்துக்காரர்கள் நிறைய. 80 என்ற பொது எண் அவர்களிடம் கொஞ்சம் தாராளம் காட்டிவிடுகிறது. ஆனால் எடையைக் காக்கும் காலத்தில் அவரவர் சொந்த அளவுதான் அளவுகோல். ஒரு சென்டிமீட்டர் ஏறினால் அது கையின் பிழை என்று விடு. தொடர்ந்து இரண்டு மாதம் மூன்று சென்டிமீட்டர் கூடுதலாக நின்றால் அழைத்துப் பேசு. என் வேலைக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1994-ல் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் இருவரும் தொடங்கிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், குறைத்த எடையைக் காப்பாற்றியவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் வாரம் ஒரு முறையாவது எடை பார்ப்பவர்கள். தாங்களாக வந்து சேர்ந்தவர்களின் பதிவேடு அது. மெஷின்தான் காப்பாற்றியது என்று அதிலிருந்து முடிவு கட்ட முடியாது. ஆனாலும் மெஷினோடு நிம்மதியாக இருப்பவரிடமிருந்து அதைப் பிடுங்காதே. விடாமல் பார்ப்பதும், சிறிதாக ஏறும்போதே கவனிப்பதும்தான் அவர்களுக்குக் கை கொடுக்கிறது என்று நம்புகிறேன். மெஷினைக் கண்டால் ஓடுகிறவருக்கு அந்தப் பழக்கத்தை டேப் கொடுக்கட்டும்.

மெஷின் தவிர்க்கவே முடியாத இடங்கள் உண்டு. கர்ப்பிணிகள், வளரும் குழந்தைகள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், இதயம் பலவீனமானவர்கள், காசநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்கு எடை மருத்துவரின் முடிவுகளோடு நேராகச் சேர்ந்தது. காரணமில்லாமல் இளைக்கிறேன் என்று ஒருவர் வந்தால் உணவுப் பட்டியல் எழுத உட்காராதே, அன்றே டாக்டரிடம் அனுப்பு. சாப்பாட்டைப் பார்த்துப் பயப்படும் இளம்பெண்கள் வந்தால் மெஷினும் வேண்டாம், டேப்பும் வேண்டாம். அவர்கள் கையில் டேப் இன்னொரு சாட்டையாகிவிடும். மனநல மருத்துவரோடு சேர்ந்துதான் அவர்களைப் பார்க்க வேண்டும்.

உன் மெஷின் வரவேற்பறையில் இருப்பதாக எழுதியிருந்தாய். முதலில் அதை உள்ளே, கதவு சாத்தும் அறைக்கு மாற்று. எண்ணைச் சத்தமாகப் படிக்காதே. பிறகு அந்த அக்காவுக்கு நீயே போன் செய். அழைத்துத் திட்டப் போகிறாய் என்று பயந்திருப்பார். எடை பார்க்கப் போவதில்லை என்று முதல் வார்த்தையிலேயே சொல். குறைப்பதற்கு முன் தைத்த ஜாக்கெட் ஒன்று வீட்டில் இருந்தால் போட்டுப் பார்க்கச் சொல். இன்னும் அது அவருக்கு லொடலொடவென்றுதான் இருக்கும்.

அன்புடன்,
உன் அக்கா